பார்த்தவர் கையெழுத்து

என் மகளுக்கு மூன்றாம் வகுப்பில் தீபாவளி விடுமுறைக்குக் கொடுத்த ஒரு வீட்டுப்பாடம், அவள் பத்தாம் வகுப்புக்கு வந்தும் முடியவில்லை. குடும்ப நினைவுகளைப் படங்களும் துணுக்குகளுமாக ஒட்டி ஒரு ஸ்கிராப் புத்தகம் செய்துவர வேண்டும், பத்துப் பக்கம் போதும் என்றுதான் பள்ளியில் சொல்லியிருந்தார்கள். ஒரு மத்தியானத்தில் முடிகிற வேலை. அதை வருஷக்கணக்கில் இழுத்தடித்தவர் என் மாமா, அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. இப்போது அவர் இல்லை. போனவரைப் பற்றிக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். நான் சொல்லத்தான் போகிறேன்.

மாமாவுக்கு, நாங்கள் பிழைக்க வந்த இந்த மராத்தி ஊரில், சிஞ்ச்வட்டில் மோட்டார் உதிரி பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் வேலை. செய்யும் வேலை இல்லை, செய்ததைச் சோதிக்கும் வேலை. மிஷினிலிருந்து வருகிற புஷ், ஷாஃப்ட் எல்லாவற்றையும் அளந்து பார்த்து, சரியாக இருந்தால் பெட்டியின் மேல் பச்சை ஒட்டு, இல்லாவிட்டால் சிவப்பு ஒட்டு. முப்பத்தொரு வருஷம் இதைச் செய்தார். ஓய்வு பெற்ற பிறகும் அந்த வேலை அவரை விடவில்லை. சட்டைப் பையில் ஆறு அங்குல எஃகு ஸ்கேல் ஒன்று எப்போதும் இருக்கும். எங்கள் வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே வாசலில் தொங்குகிற தீபாவளிக் கூண்டு விளக்கு எத்தனை விரற்கடை சாய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். பக்கத்து வீட்டு மராத்திக்காரம்மா தட்டு நிறைய பலகாரம் கொடுத்தனுப்பினால், அதில் இருக்கிற சக்லி முறுக்குகளை அடுக்கி வைத்து, "ரெண்டு மட்டும் தடிமன் கூடிப்போச்சு" என்பார். அதைத் தின்றுகொண்டே சொல்வார்.

அவர் வாயிலிருந்து யாருக்கும் பாராட்டு வந்து நான் கேட்டதில்லை. மிகவும் பிடித்துப்போனால், "சரியா இருக்கு" என்பார். என் கல்யாணத்தன்று கூறைப்புடவையோடு நான் அவர் காலில் விழுந்தபோதும் அதையேதான் சொன்னார். பக்கத்தில் நின்ற என் மாமியார் இன்னும் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்துவிட்டு நகர்ந்து போனார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் இந்த அடுக்குமாடி சொசைட்டியில் வீடு வாங்கியபோது, ரசமட்டம் எடுத்துக்கொண்டு வந்து குளியலறைத் தரையில் வைத்துப் பார்த்தவர் அவர்தான். தண்ணீர் வாசல் பக்கம் ஓடும்படி தளம் போட்டிருந்தார்கள். பில்டரின் ஆளைக் கூப்பிட்டு, கத்தாமல், குரலை உயர்த்தாமல், மூன்று ஞாயிற்றுக்கிழமை தொடர்ந்து வந்து உட்கார்ந்து, உடைத்துத் திரும்பப் போட வைத்தார். எங்கள் மாடியில் நான்கு வீடு. குளியலறையில் தண்ணீர் தேங்காத வீடு எங்களுடையது மட்டும்தான்.

அவர் புத்தகத்துக்குள் நுழைந்தது பாவுபீஜ் அன்று. தீபாவளி கழிந்து வருகிற அந்த நாளில் இங்கே அண்ணன் தம்பிமார் அக்கா தங்கை வீட்டுக்குப் போவார்கள். ஆரத்தி எடுத்து, பொட்டு வைத்து, சாப்பாடு போட்டு அனுப்புவார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த எங்களுக்கு அந்த வழக்கம் கிடையாது. கட்கியில் அப்பாவின் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் இருந்த நாட்களில், அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் தம்பிகள் வருவதைப் பார்த்துப் பார்த்து, அம்மாவும் தன் தம்பிக்கு ஆரத்தி எடுக்க ஆரம்பித்துவிட்டாள். மாமாவும் ஒரு வருஷம்கூடத் தவறாமல், தன் வீடு இருந்த தாபோடியிலிருந்து லோக்கல் ரயிலில் வந்துவிடுவார். அப்பா காலமான பிறகு அம்மா என்னோடு சிஞ்ச்வட்டுக்கு வந்துவிட்டாள். மாமாவுக்கு இறங்க வேண்டிய ஸ்டேஷன்தான் மாறியது.

அன்று சாப்பாட்டு மேசை முழுக்கப் பழைய படங்களும், கத்தரிக்கோலும், பசையும், வண்ணத்தாள்களுமாகக் கிடந்தன. மகள் ஒட்டிக்கொண்டிருந்தாள். நான் எழுதிக்கொண்டிருந்தேன். ஏழு பக்கம் முடிந்திருந்தது. மாமா கைகழுவிவிட்டு வந்து ஒரு படத்தைக் கையில் எடுத்தார்.

"இது எங்கன எடுத்தது?"

"கடக்வாஸ்லா அணையில மாமா. மே மாச லீவுல போனோமே."

"மே மாசத்துல அணையில ஏதுட்டி இம்புட்டுத் தண்ணி?"

பார்த்தேன். தண்ணீர் கரை தளும்ப நின்றது.

"ஒன் கையில என்ன இருக்கு? சுட்ட சோளம். அத மழைக்காலத்துலதான விப்பான்."

"சரி மாமா, ஆகஸ்டுன்னு மாத்திடறேன்."

"ஆகஸ்டுன்னு யாரு பாத்தா?"

நான் பேனாவை மேசையில் போட்டேன். அவர் அதைக் கவனிக்கவே இல்லை. படம் எடுத்த அன்று நாங்கள் போனது அப்பாவின் நண்பர் ஒருவரின் ஸ்கூட்டரை இரவல் வாங்கிக்கொண்டு. அந்த நண்பர் இப்போது தாம்பரத்தில் இருக்கிறார். மாமா அவருடைய எண்ணைத் தேடிப் பிடித்து, போன் செய்து, அந்த மனிதர் தன் பழைய டைரிகளைத் தேடிப் பார்த்துத் திரும்பக் கூப்பிட இரண்டு நாள் ஆனது. செப்டம்பராம். அதற்குள் மற்ற ஆறு பக்கங்களில் நான்கில் சிவப்பு ஒட்டு விழுந்துவிட்டது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் தன் ஸ்கேலை வைத்து இரண்டு கோடு போட்டார். 'பார்த்தவர் ஒன்று', 'பார்த்தவர் இரண்டு'. சம்பவத்தை நேரில் பார்த்த இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் அந்தப் பக்கத்துக்குப் பச்சை.

"ஒருத்தர் பாத்தது ஞாபகம். ரெண்டு பேரு பாத்துருந்தாத்தான் அது நடந்தது" என்றார்.

பள்ளி திறந்தபோது மகள் மூன்று பக்கத்தோடு போனாள். 'முழுமையாக இல்லை' என்று டீச்சர் எழுதி அனுப்பினாள். மகள் அழுதாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் புத்தகத்தைப் பரணில் தூக்கிப் போட்டேன். அடுத்த தீபாவளிக்கு அதை இறக்கச் சொன்னவர் யார் என்று சொல்லவே வேண்டாம்.

அதிலிருந்து எங்கள் வீட்டுத் தீபாவளி விடுமுறை இப்படித்தான். மற்றவர்கள் மகாபலேஷ்வர் போவார்கள், ஊருக்குப் போவார்கள். கீழே பிள்ளைகள் மண்ணைக் குழைத்துச் சின்னதாகக் கோட்டை கட்டி, அதில் பொம்மை வீரர்களை நிறுத்துவார்கள். நாங்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, அம்மாவின் மூக்குத்தி தொலைந்தது செவ்வாயா வெள்ளியா என்று சண்டை போடுவோம். அம்மாவுக்கும் சலித்துப்போகும். இந்த ஊரில் இத்தனை வருஷம் இருந்ததில் அவளுக்கு ஒட்டிக்கொண்ட மராத்திச் சொற்களில் முக்கியமானது 'ஜாவூ தே'. போகட்டும் விடு என்று அர்த்தம். பால் பொங்கினாலும் ஜாவூ தே, பஸ் போனாலும் ஜாவூ தே.

"ஜாவூ தேலே. வெள்ளின்னே எழுது" என்பாள்.

"எப்படிக்கா போவட்டும்னு விட முடியும்? எழுதிட்டா அப்பறம் அதான நெலச்சு நிக்கும்" என்பார் மாமா.

அந்த வார்த்தையை அவர் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

அவர் கொண்டுவருகிற தகர டப்பாவில் மூன்று சுருள் ஒட்டுகள் இருக்கும். பச்சை, சிவப்பு, மஞ்சள். மஞ்சள் சுருளின் மேல் சுற்றிய கண்ணாடித் தாளைக்கூட அவர் பிரித்ததில்லை. மூன்றாவது வருஷம் என் மகள் அது எதற்கு என்று கேட்டாள். எங்களையெல்லாம் விட அவளிடம் அவர் பொறுமையாகப் பேசுவார்.

"இப்ப ஒரு பொருள் அளவுல கொஞ்சம் தப்பிடுச்சுன்னு வையி. ரிஜெக்ட் பண்ணணும். ஆனா வாங்குறவன் அவசரமா கேக்கான். மாட்டுனா ஓடும், பெரிய ஆபத்தில்ல. அப்ப மேல உள்ளவன் ஒரு தாள்ல கையெழுத்துப் போட்டு அனுப்பிருவான். அதுக்குப் பேரு டீவியேஷன். அதுக்குத்தான் மஞ்சள்."

"அப்போ தாத்தா, அது சீட்டிங்கா?"

"சீட்டிங் இல்ல மக்களே. தப்ப மறச்சு அனுப்புனாத்தான் அது சீட்டிங். இது, 'சரியில்லைன்னு எனக்குத் தெரியும், இருந்தாலும் போகட்டும், நான் பொறுப்பு'ன்னு எழுதிக் குடுக்கது."

"நீங்க எத்தனை போட்டிருக்கீங்க?"

"ஒண்ணுகூட இல்ல. அதுக்கொரு தைரியம் வேணும். எனக்கு அது கெடையாது."

அந்தக் கதையின் மிச்சத்தை அம்மா எனக்குப் பிறகு சொன்னாள். ஒருமுறை மூன்று பெட்டிச் சரக்குக்கு மஞ்சள் ஒட்டிக் கையெழுத்துப் போடச் சொல்லி மேலாளர் அவரை உட்கார வைத்துக் கேட்டாராம். மாட்டேன் என்று எழுந்து வந்துவிட்டார். அடுத்த மாதமே அவரை ரஞ்சன்காவ் கிளைக்கு மாற்றினார்கள். கடைசி ஆறு வருஷமும் விடிவதற்கு முன் கம்பெனி பஸ் ஏறி, இருட்டிய பிறகு வீடு திரும்பினார். ஒரு புகார் சொல்லவில்லை.

நான்காவது வருஷம்தான் என் பக்கத்துக்கு வந்தோம். நான் பிறந்த பக்கம்.

அதற்கு ஒட்ட அம்மா மூன்று பொருள் எடுத்து வைத்திருந்தாள். அப்பா என்னைக் கையில் ஏந்தியிருக்கிற ஒரு ஸ்டுடியோ படம், எனக்கு நாற்பது நாளானபோது எடுத்தது. ஆஸ்பத்திரியில் என் மணிக்கட்டில் கட்டியிருந்த துணிநாடா. பிறகு ஒரு பேடா டப்பாவின் அட்டை மூடி. அந்த மூடியை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அம்மா அதில் பித்தான்கள் போட்டு வைத்திருந்தாள்.

மூடிக்கு ஒரு கதை உண்டு. நான் பிறந்த அன்று நல்ல மழை. அப்பா கட்கியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ஷிஃப்ட்டில் இருக்கிறார். செய்தி கேட்டதும் மழையில் நனைந்துகொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடி வருகிறார், கையில் ஒரு பேடா டப்பாவோடு. இங்கே ஆண் பிறந்தால் பேடா, பெண் பிறந்தால் பர்பி கொடுப்பது வழக்கம். என்ன குழந்தை என்று கேட்பதற்குக்கூட 'பேடாவா, பர்பியா' என்றுதான் கேட்பார்கள். அப்பா பெண் பிறந்ததற்குப் பேடா வாங்கி வந்து ஆஸ்பத்திரி முழுக்கக் கொடுத்தார். என் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அம்மா இதைச் சொல்வாள்.

"நனைஞ்ச தலையோட உள்ள வந்தாவ. எம் முந்தானைய வச்சுத்தான் தொவட்டுனேன். பேடா எதுக்குன்னு நர்ஸ் கேக்கா. எனக்குப் பேடாதான் பொறந்துருக்குன்னு சொன்னாவ."

அவள் சொல்லும்போது அப்பா அங்கேயேதான் இருப்பார். பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருப்பார். பக்கம் புரட்டுகிற சத்தம் வராது. வெட்கப்படுகிறார் என்று நான் நினைத்துக்கொள்வேன். எனக்கு அந்தக் கதை அவ்வளவு பிடிக்கும். பள்ளியில் மராத்திப் பிள்ளைகள் என்னிடம் சண்டைக்கு வந்தால், எனக்காக எங்கப்பா பேடா கொடுத்தார் தெரியுமா என்று சொல்லிவிட்டு வருவேன்.

அம்மா சொல்லச் சொல்ல நான் பக்கத்தில் எழுதினேன். அம்மா முதல் கோட்டில் தமிழில் தன் பெயரை நிதானமாக எழுதிக் கையெழுத்திட்டாள். பேனாவை மாமாவிடம் நீட்டினாள். மாமா அதை வாங்கி, பேனாவை மூடி மேசையில் வைத்தார்.

"நான் பாக்கலக்கா."

"என்னல பாக்கல? நீ அங்கனதான இருந்த? காலைல என்னைய ஆட்டோல கூட்டிட்டுப் போனதே நீதான."

"இருந்தேன். இத நான் பாக்கல."

பிறகு அட்டை மூடியைக் கையில் எடுத்தார். ஸ்கேலை வைத்து நாலு பக்கமும் அளந்தார், எதற்கென்று அவருக்குத்தான் தெரியும்.

"மூடி அதேதான். இதுக்கு வேணும்னா பச்ச போடுதேன்."

சொன்னபடி மூடியின் மூலையில் ஒரு பச்சை ஒட்டை ஒட்டினார். பக்கத்துக்கு எதுவும் ஒட்டவில்லை. சிவப்புகூட ஒட்டவில்லை. அம்மா எழுந்து அடுக்களைக்குப் போனாள். வெகுநேரம் அங்கேயே இருந்தாள்.

எனக்கு மாமாவின் மேல் வந்த கோபம் சாதாரணக் கோபம் இல்லை. கடக்வாஸ்லா எந்த மாதம் என்று சண்டை போடட்டும், மூக்குத்தி எந்தக் கிழமை என்று உயிரை எடுக்கட்டும். இது என் அப்பா. அவர் போய் நாலைந்து வருஷமாகிறது. அம்மாவுக்கு எழுபது நெருங்குகிறது. அவள் ஆசையாகக் கேட்கிற ஒரே ஒரு கையெழுத்து. ஏதோ ஒரு நிமிஷம் டீ குடிக்கக் கீழே போயிருப்பார், அந்த நேரம் பார்த்து அப்பா வந்திருப்பார், அதற்காக இப்படியா என்று எனக்குள்ளேயே பொருமினேன். அந்த வருஷம் முழுக்க அம்மா அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

"அவன் போட்டுட்டான்னா இது முழுசாயிரும்" என்பாள். "நான் இருக்கையிலயே முழுசானா நல்லாருக்கும்."

ஐந்தாவது வருஷப் பாவுபீஜிலும் அவர் போடவில்லை. சாயங்காலம் அவரை ஸ்கூட்டியில் கொண்டுபோய் சிஞ்ச்வட் ஸ்டேஷனில் விட்டேன். லோக்கல் வர நேரமிருந்தது. நானும் பிளாட்பாரத்துக்குப் போனேன். இன்று கேட்டே விடுவது என்றுதான் போனேன்.

"ஒரு கையெழுத்துதானே மாமா. அம்மாவுக்காகப் போட்டா என்ன கொறஞ்சு போகுது?"

"அது பாத்தவரு கையெழுத்துட்டி. கேட்டவரு கையெழுத்து இல்ல."

"நீங்க அங்கதானே இருந்தீங்க? எங்க போயிட்டீங்க அந்த நேரத்துல?"

"நான் எங்கயும் போகல. மூணு நாளும் அந்த வராண்டா பெஞ்சுலதான் கெடந்தேன். பேடா வாங்க ஒருவாட்டி கீழ எறங்குனேன். அவ்வளவுதான்."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. தலையைத் தூக்கி, ரயில் வரும் நேரம் ஓடுகிற பலகையைப் பார்க்க ஆரம்பித்தார். மூன்று நாள். பேடா வாங்கியவர் இவர். பேப்பரைப் பிடித்துக்கொண்டு பக்கம் புரட்டாமல் உட்கார்ந்திருந்த அப்பாவின் கை ஞாபகத்துக்கு வந்தது.

"அப்பா வரவே இல்லையா?"

"நாலாம் நாள் வந்தாவ. அத நான் பாத்தேன். அதுக்கு வேணும்னா கையெழுத்துப் போடுதேன்."

அவர் என்னைக் கேலி செய்யவில்லை. உண்மையாகவே போடத் தயாராக இருந்தார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"பொண்ணுன்னுதான் வரலையா?"

"ஏன் வரலைன்னு எனக்குத் தெரியாது. அவரு மனசுக்குள்ள இருந்தத நான் பாக்கல." சட்டைப் பையிலிருந்த ஸ்கேலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "நர்ஸ் ஒன்னத் தூக்கிட்டு வந்து மொதல்ல எங்கிட்டதான் காட்டுனா. கைவெரலு, கால்வெரலு எல்லாம் எண்ணிப் பாத்தேன். சரியா இருந்துச்சு."

ரயில் வந்தது. அவர் ஏறிக்கொண்டார். நான் கையசைக்கவில்லை.

என்னைத் தினமும் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்குக் கொண்டுபோனவர் அப்பா. காய்ச்சல் வந்தால் நெற்றியிலிருந்து கையை எடுக்காதவர். என் கல்யாணத்தில் எல்லோரும் பார்க்கத் தேம்பித் தேம்பி அழுதவர். அந்த மனிதரின் மேல் நான் கோபப்பட வேண்டுமென்றால் எங்கிருந்து தொடங்குவது? அதனால் மாமாவின் மேலேயே கோபப்பட்டேன். அது சுலபமாக இருந்தது. நாற்பது வருஷம் அம்மா பொத்திப் பொத்தி வைத்திருந்ததை, ஒரு பொய்க் கையெழுத்துப் போட முடியாத காரணத்துக்காக இவர் பிளாட்பாரத்தில் வைத்து உடைத்துவிட்டார். நான் கேட்டதால்தான் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தால் கோபம் போய்விடுமா என்ன?

அடுத்த தீபாவளிக்கு முன்பே போன் செய்து, இனி அந்தப் புத்தகத்தை எடுக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டேன். சரி என்றார். பாவுபீஜ் அன்று தகர டப்பா இல்லாமல் வந்தார். ஆரத்தி எடுத்துக்கொண்டார், சாப்பிட்டார். வாசலில் கூண்டு விளக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கியது, அவர் ஒன்றும் சொல்லவில்லை. அரைமணி நேரத்தில் கிளம்பிவிட்டார். அவர் போன பிறகு மகள்தான் சொன்னாள், "தாத்தாவுக்கு ஒடம்பு சரியில்ல போல மம்மி" என்று.

அவள் சொன்னது பலித்தது. ஏழாவது தீபாவளிக்கு முன்னால் மாமாவுக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை. லோக்கல் ஏறுவதெல்லாம் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பாவுபீஜுக்குத் தம்பி வர முடியாதே என்று அம்மா தவித்தாள். பிறகு அவளாகவே பரணைக் காட்டினாள்.

"அந்தப் பொஸ்தகத்த அவங்கிட்டக் கொண்டு குடு. சும்மா படுத்துக் கெடக்கான். பாத்துட்டாவது இருக்கட்டும்."

எனக்கு இஷ்டமே இல்லை. இருந்தாலும் கொண்டுபோனேன். தாபோடியில் மூன்றாம் மாடி வீடு. அத்தை கதவைத் திறந்துவிட்டு, "வா, ஒங்க மாமா மாத்திரைய எல்லாம் நெறம் வாரியா அடுக்கிட்டு இருக்காவ" என்று நொந்துகொண்டாள். மாமா பாதியாக இளைத்திருந்தார். சட்டைப் பையில் ஸ்கேல் மட்டும் இருந்தது. புத்தகத்தைக் கட்டிலில் வைத்தேன்.

"எத்தன பக்கம் பாக்கி?" என்றார்.

"ஒண்ணுதான்" என்றேன்.

காபி குடித்தேன், வந்துவிட்டேன். மறுபடி பார்க்கலாம் என்றுதான் நினைத்திருந்தேன். பொங்கலுக்கு முன்னால் ஒரு காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து கிளம்பும்போது அத்தை ஒரு துணிப்பையை என் கையில் கொடுத்தாள். புத்தகமும் தகர டப்பாவும் இருந்தன. வீட்டுக்கு வந்து அப்படியே பரணில் ஏற்றிவிட்டேன். திறந்து பார்க்கவில்லை. அந்தக் கோடு காலியாகவே இருந்தால் அவர் மேல் இன்னும் எவ்வளவு நாள் கோபமாக இருப்பது என்று எனக்குப் பயமாக இருந்தது. செத்துப்போனவரோடு எப்படிச் சமாதானமாவது?

இந்தத் தீபாவளிக்கு, பாவுபீஜ் அன்று காலையில், அம்மா ஆரத்தித் தட்டை எடுத்துத் துடைத்து, என்ன செய்வதென்று தெரியாமல் திரும்ப அலமாரியில் வைத்தாள். சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்தப் பொஸ்தகத்த எடு" என்றாள்.

எடுத்தேன். துணிப்பையிலிருந்த தகர டப்பாவையும் மேசையில் திறந்து வைத்தேன். புத்தகத்தில் இருபத்திரண்டு பக்கம். இருபத்தொன்றில் பச்சை. நான் அம்மாவுக்குத் தெரியாமல் முதலில் அந்தப் பக்கத்தைப் புரட்டினேன்.

இரண்டாவது கோட்டில் மாமாவின் கையெழுத்து இருந்தது. அவருக்கே உரிய நேரான, சின்னச் சின்ன எழுத்து. ஓரத்தில் கொஞ்சம் நடுங்கியிருந்தது. அதற்குப் பக்கத்தில், ஸ்கேல் வைத்து ஒட்டியதுபோல நேராக, ஒரு மஞ்சள் ஒட்டு.

எனக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. கடைசியில் போட்ட ஒரு பொய்யைக்கூட இந்த மனிதருக்குப் பொய்யாகப் போடத் தெரியவில்லை. மேலாளர் உட்கார வைத்துக் கேட்டும் போடாதவர், அதற்காக ஆறு வருஷம் ரஞ்சன்காவுக்கு பஸ் ஏறியவர், வாழ்க்கையிலேயே பிரிக்காத அந்தச் சுருளைக் கட்டிலில் படுத்துக்கொண்டு பிரித்திருக்கிறார். பிரித்ததுதான் பிரித்தார், அந்தப் பச்சையையே ஒட்டித் தொலைத்திருக்கக் கூடாதா? யார் வந்து சோதிக்கப் போகிறார்கள்? அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு புத்தகத்தை அம்மாவின் பக்கம் திருப்பி வைத்தேன்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். அப்பாவின் படம், துணிநாடா, மூலையில் பச்சை ஒட்டிய அட்டை மூடி. தம்பியின் கையெழுத்தின் மேல் விரலை வைத்து ஓட்டினாள். விரல் மஞ்சள் ஒட்டில் வந்து நின்றது.

"போட்டுட்டான்" என்றாள். பிறகு, "இது என்ன மஞ்சளா ஒட்டிருக்கான்?" என்று கேட்டாள்.

மூன்றாவது வருஷம் மாமா என் மகளுக்கு விளக்கம் சொன்னபோது, இதே மேசையில், இதே நாற்காலியில் அம்மாவும் உட்கார்ந்திருந்தாள். மறந்துபோய்க் கேட்கிறாளா, என்னைச் சோதிக்கிறாளா என்று தெரியவில்லை.

"பச்சை தீந்துபோச்சு போலம்மா" என்றேன்.

அம்மா தலையைத் தூக்கினாள். தகர டப்பா அவள் முன்னால் திறந்துதான் கிடந்தது. பச்சைச் சுருள் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. அம்மா அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கையை நீட்டி டப்பாவின் மூடியை எடுத்து அழுத்தி மூடினாள்.

"ஆமா, தீந்துதான் இருக்கும்" என்றாள்.